உள்ளூர் மதுவிலக்கும் சாலை விபத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் ஊரிலோ மாவட்டத்திலோ மட்டும் மதுக்கடைகளை மூடினால் அங்கே சாலைச் சாவு குறையுமா என்ற கேள்விக்கான பக்கம் இது. நாடு முழுவதற்குமான மதுவிலக்கு வேறு விஷயம். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அதைத் தொடுகிறோம். குடி நல்லதா கெட்டதா, வருமானம் போகுமா என்பவற்றுக்கு இங்கே பதில் கிடையாது.

உள்ளூர் மதுவிலக்கு சரியாக எதைத் தடுக்கிறது?

பெயர் ஒன்றுதான், உள்ளடக்கம் இடத்துக்கு இடம் மாறும். உட்கார்ந்து குடிக்கும் பாரை மட்டும் தடுக்கும் சட்டம் உண்டு. பாட்டிலாக வாங்கிப் போவதைத் தடுப்பதும் உண்டு. பீரும் வைனும் விற்கலாம், விஸ்கி, பிராந்தி கூடாது என்பதும் உண்டு.

அமெரிக்காவில் 1933-இல் 21-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நாடு தழுவிய மதுவிலக்கை முடித்துவைத்து, அதிகாரத்தை மாநிலங்களிடம் விட்டது. பல மாநிலங்கள் அதைக் கவுண்டிகளுக்கு, அதாவது மாவட்டம் போன்ற அலகுகளுக்கு, இறக்கிக் கொடுத்தன. மக்கள் வாக்கெடுப்பு நடத்தித் தங்கள் கவுண்டியை 'உலர்ந்த', அதாவது மது விற்காத, கவுண்டியாக வைத்துக்கொள்ளலாம். உலகெங்கும் போகும் ஜாக் டேனியல்ஸ் விஸ்கி தயாராகும் டென்னசி மாநிலத்து மூர் கவுண்டியே அப்படி ஒன்றுதான். காய்ச்சலாம், ஆனால் அங்கே சாதாரணக் கடை வைத்து விற்க முடியாது. அலாஸ்காவில் இன்னும் நுணுக்கம்: விற்க மட்டும் தடை, விற்கவும் ஊருக்குள் கொண்டுவரவும் தடை, கையில் வைத்திருக்கவே தடை என்று கிராமங்கள் படிப்படியாகத் தேர்ந்தெடுக்கலாம்.

சாலைப் பாதுகாப்பைப் பொறுத்தவரை இந்த வேறுபாடுகள் சின்ன விஷயமல்ல. 'மதுவிலக்கு உள்ள ஊர்' என்ற ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் போட்டு ஒப்பிடும் கணக்கு எதையும் சொல்லாது.

கடையை மூடினால் குடி குறையும். குடி குறைந்தால் விபத்தும் குறையாதா?

முதல் பாதி பெரும்பாலும் சரி. கடை தூரமானால் வாங்குவது குறைகிறது. இரண்டாவது பாதியில்தான் வழுக்கல். சாலையில் ஆளைக் கொல்வது குடித்த மொத்த அளவு அல்ல. குடித்த பிறகு ஓட்டிய கிலோமீட்டர். இதை 'போதைக் கிலோமீட்டர்' என்று வைத்துக்கொள்வோம். கணக்கிட மூன்று எண்கள் போதும்: எத்தனை பேர் குடிக்கப் போகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் தாங்களே ஓட்டித் திரும்புகிறார்கள், திரும்பும் தூரம் எவ்வளவு.

ஒரு கற்பனைக் கணக்கு. ஊருக்குள் 3 கிலோமீட்டரில் பார் இருக்கிறது. ஓர் இரவில் 100 பேர் போகிறார்கள். 40 பேர் நடந்தோ பிறர் வண்டியிலோ திரும்ப, 60 பேர் தாங்களே ஓட்டுகிறார்கள். போதைக் கிலோமீட்டர் 180. இப்போது பாரை மூடுகிறோம். அடுத்த கடை எல்லைக்கு அப்பால் 25 கிலோமீட்டரில். 60 பேர் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். 40 பேர் மட்டும் போகிறார்கள். அவ்வளவு தூரம் நடக்க முடியாது, ஆகவே 35 பேர் ஓட்டுகிறார்கள். 35 பெருக்கல் 25, போதைக் கிலோமீட்டர் 875. குடிக்கப் போகிறவர்கள் பாதிக்கும் கீழே குறைந்தும் சாலை மீதான சுமை ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆகிவிட்டது. போதாததற்கு, ஊருக்குள் மெதுவாக ஓடும் தெருவுக்குப் பதிலாக இப்போது வேகமான, வெளிச்சமில்லாத புறச்சாலை.

இதே கணக்கில் அடுத்த கடை 8 கிலோமீட்டரில் இருந்து, 15 பேர் மட்டும் ஓட்டினால் 120 தான் வரும். தடை பலன் தந்ததாக ஆகும். விடை தடையில் இல்லை, தூரத்திலும் 'விட்டுவிடுகிறவர்கள்' விகிதத்திலும் இருக்கிறது. கடைசிவரை விடாமல் 25 கிலோமீட்டர் போகிறவர்கள் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். அவர்கள்தான் அதிகமாகக் குடிப்பவர்கள்.

நேரடி ஆதாரம் ஏதாவது உண்டா?

உண்டு, பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து. அங்கே உலர்ந்த கவுண்டியும் மது விற்கும் 'ஈர'க் கவுண்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒப்பிடுவது சுலபம்.

கென்டக்கியில் மது தொடர்பான சுமார் 39,000 விபத்துகளை ஆராய்ந்தபோது, உலர்ந்த கவுண்டிகளில் வசிப்பவர்கள் அத்தகைய விபத்துகளில் சிக்குவது கூடுதலாகவே இருந்தது. குடிக்க வீட்டிலிருந்து தூரம் போய், போதையோடு அதே தூரம் திரும்புவது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கவுண்டி அளவிலான தடை சாலைப் பாதுகாப்பை மேம்படுத்தும் என்று நம்ப முடியாது என்பது அவர்கள் வந்தடைந்த முடிவு.

டெக்சஸில் 254 கவுண்டிகள். 1975 முதல் 1996 வரையிலான தரவை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் சுவையானது. பீரும் வைனும் உள்ளூரில் விற்க அனுமதித்தபோது விபத்துகள் குறைந்திருக்கலாம் என்று அது காட்டியது. கடும் மதுவகைகளை அனுமதித்தபோதோ ஆபத்து அதைவிடக் கூடுதலாக இருந்தது. இரண்டு விசைகள் எதிரெதிராக இழுக்கின்றன: கடை பக்கத்தில் வந்தால் குடி கூடும், தூரம் குறையும். பீரில் தூரம் குறைந்த நன்மை வென்றது. கடும் மதுவில் குடி கூடிய தீமை மேலோங்கியது. கொள்கை வகுப்பவர்கள் இந்தப் பிரிவை இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை என்பது எங்கள் எண்ணம். தடையா அனுமதியா என்று வாக்கெடுப்பு நடத்தும் இடங்களில் 'எந்த வகை மது' என்ற கேள்வி கடைசியாகத்தான் வருகிறது.

அப்படியானால் உள்ளூர்த் தடை எங்குமே பலிக்காதா?

பலிக்கும். எல்லையைத் தாண்டுவது கடினமாக இருக்கும் இடத்தில். அலாஸ்காவின் பல பழங்குடிக் கிராமங்களுக்குச் சாலையே கிடையாது. சிறு விமானம், படகு, பனிவண்டி மட்டும். அங்கே தடை போட்ட கிராமங்களில் காயங்களால் ஏற்படும் சாவு குறைவாக இருந்ததை ஆய்வுகள் கண்டன. ஓட்டிப் போய்க் குடிக்க அடுத்த ஊர்க் கடை இல்லை என்பதுதான் வேறுபாடு.

2020-இல் தென்னாப்பிரிக்கா கொரோனா காலத்தில் நாடு முழுக்க மது விற்பனையை நிறுத்தியபோது மருத்துவமனைகளின் காயப் பிரிவுகள் காலியானதை இதற்குச் சான்றாகச் சொல்வார்கள். அதில் பொருள் இருக்கிறது, ஆனால் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். அது நாடு தழுவிய தடை, பக்கத்து ஊர்க் கடை என்ற வாய்ப்பே இல்லை. போதாக்குறைக்கு இரவு ஊரடங்கும் பயணத் தடையும் வெவ்வேறு கட்டங்களில் கூடவே இருந்தன. அந்த எண்களை எடுத்து ஒரு வட்டத்தில் கடை மூடுவதற்கு ஆதாரமாக வைப்பது தவறு.

எல்லைக் கடை என்றால் என்ன? அதை ஏன் தனியாகப் பார்க்க வேண்டும்?

தடைப் பகுதி முடியும் இடத்தில் முளைக்கும் கடைகள். ஏற்கெனவே ஒன்றிரண்டு இருந்தால் நாலைந்து ஆகும். இவற்றில் மிக அறியப்பட்டது அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் இருந்த ஒயிட்கிளே. மதுவிலக்கு உள்ள பைன் ரிட்ஜ் பழங்குடிப் பகுதியின் எல்லையை ஒட்டிய, ஒரு டஜன் பேர் வசித்த குக்கிராமம். நான்கு பீர் கடைகள். ஆண்டுக்கு ஏறக்குறைய 35 லட்சம் பீர் கேன்கள் விற்றன. 2017-இல் நெப்ராஸ்கா மதுக் கட்டுப்பாட்டு ஆணையம் உரிமங்களைப் புதுப்பிக்க மறுத்த பிறகுதான் அவை மூடப்பட்டன. தடை போட்ட அதிகாரத்துக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் அதிகாரம் இல்லை; எதிர்ப்பு பல ஆண்டுகள் நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லைக் கடையால் ஆபத்து ஒரே சாலையில் குவிகிறது. இது கெட்ட செய்தி போலத் தோன்றினாலும் நடைமுறையில் ஒரு வசதி: எங்கே நின்று சோதிக்க வேண்டும், எங்கே விளக்குப் போட வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. பல ஊர்களில் இந்த வசதியை யாரும் பயன்படுத்துவதில்லை, ஏனென்றால் அந்தச் சாலையின் பாதி பக்கத்துக் காவல் எல்லைக்குள் போய்விடுகிறது.

நடந்து போய்க் குடித்தால் ஆபத்தில்லையே?

மற்றவர்களுக்கு இல்லை, அவருக்கு உண்டு. எல்லைக் கடை இரண்டு மூன்று கிலோமீட்டரில் இருந்தால் பலர் நடந்தே போவார்கள். திரும்புகையில் நடைபாதை இல்லாத சாலை, கறுப்புச் சட்டை, எதிரே வரும் முகப்பு விளக்கின் கூச்சம். தாழ்த்திய முகப்பு விளக்கில் இருண்ட உடை அணிந்தவர் ஓட்டுநர் கண்ணில் படும்போது, வேகமாக வரும் காரை நிறுத்தத் தேவையான தூரம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஓட்டுநர் குடிக்கவில்லை என்பதால் இந்தச் சாவுகள் 'மது தொடர்பானவை' என்ற கணக்கில் பல இடங்களில் ஏறுவதே இல்லை. தடைக்குப் பின் ஆய்வு செய்யும்போது இரவில் அடிபட்ட பாதசாரிகளைத் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

பாரை மூடுவதா, பாட்டில் கடையை மூடுவதா? எது சாலைக்கு நல்லது?

பாரில் குடிப்பவர் போதையோடுதான் வெளியே வருகிறார். வீடு இன்னும் தூரத்தில். பாட்டில் வாங்குபவர் தெளிவாக வந்து, தெளிவாகப் போய், வீட்டில் குடிக்கிறார். ஆகவே சாலையை மட்டும் பார்த்தால், பாட்டில் கடையை மூடிவிட்டுப் பாரை விட்டுவைப்பதுதான் மிக மோசமான சேர்க்கை. பாரை மூடிப் பாட்டில் கடையை விட்டுவைப்பது ஓரளவு பாதுகாப்பு. வீட்டுக்குள் நடக்கும் வன்முறையையும் சேர்த்துப் பார்த்தால் தராசு வேறுபக்கம் சாயலாம். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தத் தருக்கத்தில் ஒரு ஓட்டை: வீட்டில் குடிக்க முடியாதவர்கள். வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்பவர்கள், விடுதி மாணவர்கள், லாரிப் பணியாளர்கள். கடையருகே உட்கார இடமில்லையென்றால் வண்டியே பார் ஆகிவிடும். பாலத்தடி, ஏரிக்கரை, நிறுத்திய கார். அதனால் பாரை மூடும் ஊர், திறந்த மதுப்புட்டியை வாகனத்துக்குள் வைத்திருப்பதையும் சேர்த்துத் தடுக்க வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இதற்குத் தனிச் சட்டமே உண்டு. எல்லைக் கடையிலிருந்து முதல் 5 கிலோமீட்டருக்குள் சாலையோரத்தில் காலிப் பாட்டில் எங்கே குவிகிறது என்று ஒரு காலையில் போய்ப் பார்த்தாலே போதும், சோதனை எங்கே வேண்டும் என்று தெரியும்.

நெடுஞ்சாலையோரம் மட்டும் தடை போட்டால்?

இந்தியாவில் இதுதான் நடந்தது. 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் வெளி விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 20,000-க்கும் குறைவான மக்கள் வாழும் ஊர்களுக்கு 220 மீட்டர் என்று தளர்த்தப்பட்டது. பிறகு நகராட்சி எல்லைக்குள் உள்ள உரிமக் கடைகளுக்கு இது பொருந்தாது என்ற விளக்கம் 2017 ஜூலையில் வந்தது. பிரேசிலும் 2008-இல் கூட்டாட்சி நெடுஞ்சாலைகளின் ஊர்ப்புறப் பகுதிகளில் மது விற்பதைத் தடைசெய்தது. அதே சட்டத்தில் ஓட்டுநருக்கான மது வரம்பையும் கடுமையாக்கியது.

நோக்கம் சரி. நீண்ட தூரம் ஓட்டுபவரின் கண்ணில் கடை படாமல் இருந்தால் திடீர்த் தூண்டுதல் குறையும். ஆனால் 500 மீட்டர் என்பது வாகனத்துக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. குடிக்க முடிவு செய்தவரை அது தடுக்காது. குடிக்கலாமா என்று யோசிப்பவரைத் தடுக்கும். அந்த இரண்டாம் வகை எவ்வளவு பேர் என்பதே பலனைத் தீர்மானிக்கும். நடைமுறையில் சில மாநிலங்கள் நகரத்துக்குள் ஓடும் நெடுஞ்சாலைகளின் வகைப்பாட்டையே மாற்றி உள்ளூர்ச் சாலை ஆக்கின. கேரளத்தில் ஒரு பார், வாசலுக்குப் போகும் நடைபாதையைப் பாம்புபோல் வளைத்துக் கட்டி நடக்கும் தூரத்தைக் கூட்டியது. சட்டம் தூரத்தை எப்படி அளப்பது என்று முதலிலேயே எழுதிவைக்காவிட்டால் இப்படித்தான்: நேர்கோடா, நடைவழியா, வாகன வழியா என்பதை அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

முழுத் தடைக்குப் பதில் விற்பனை நேரத்தைக் குறைத்தால் போதாதா?

எந்த நேரத்தைக் குறைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நள்ளிரவுக்குப் பின் மூடச் சொல்வது பொதுவாக நல்லது. மிக அதிகமாகக் குடித்தவர்கள் அப்போதுதான் வெளியேறுகிறார்கள், தூக்கக் கலக்கமும் சேர்ந்துகொள்கிறது. மாலையிலேயே மூடுவது எதிர்மாறு. ஆஸ்திரேலியாவில் முதல் உலகப் போரின்போது பார்களை மாலை 6 மணிக்கு மூடச் சொன்னார்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் கிடைத்த ஒரு மணி நேரத்தில் அவசர அவசரமாக ஊற்றிக்கொண்டு ஒரே நேரத்தில் தெருவில் இறங்கினார்கள். நியூ சவுத் வேல்ஸ் 1955-இல்தான் அதைக் கைவிட்டது.

எல்லா ஊரிலும் ஒரே மூடும் நேரம் வைப்பதே நல்லது. பக்கத்து ஊரில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருந்தால், 10 மணிக்கு இங்கே முடித்தவர்கள் இரண்டாம் சுற்றுக்கு அங்கே ஓட்டிப் போவார்கள்.

எல்லைக் கடையில் குடித்துவிட்டு உடனே கிளம்பினால், போதை ஏறுவதற்குள் வீடு போய்விடலாம் என்கிறார்களே?

மிக ஆபத்தான நம்பிக்கை. குடித்த மது ரத்தத்தில் உச்சத்தை எட்டச் சாதாரணமாக 30 முதல் 90 நிமிடம் ஆகும். கடையில் வேகமாக ஊற்றிக்கொண்டு கிளம்புபவருக்குக் கிளம்பும்போது போதை குறைவு, வழியில் கூடிக்கொண்டே போகும். 40 நிமிடப் பயணத்தின் கடைசிக் கட்டத்தில், ஊர் நெருங்கி வளைவுகளும் குறுக்குச் சாலைகளும் வரும் இடத்தில், உச்சம். பக்கத்து பாராக இருந்தால் அந்த உச்சம் வீட்டில் வந்திருக்கும்.

எண்ணில் சொன்னால்: 40 சதவீத மது 180 மி.லி. என்றால் சுத்த ஆல்கஹால் 72 மி.லி., எடையில் சுமார் 57 கிராம். 70 கிலோ ஆணுக்கு இது ரத்தத்தில் 100 மி.லி.க்கு ஏறக்குறைய 120 மில்லிகிராம் வரை கொண்டுபோகும். பெண்ணுக்கும் எடை குறைந்தவருக்கும் இன்னும் கூடுதல். உடல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் கழிக்கும். இந்தியாவிலும் ஜப்பானிலும் உள்ள 30 மில்லிகிராம் வரம்புக்குக் கீழே வர 6 மணி நேரம், முழுக்கத் தெளிய 8 மணி நேரம். காபி, குளியல், மோர் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. இரவு 11 மணிக்கு இந்த அளவில் இருப்பவர் அதிகாலை 4 மணிக்கு வண்டி எடுத்தால் சட்டப்படியே போதையில் ஓட்டுகிறார்.

ஆபத்து நேர்கோட்டில் ஏறுவதில்லை. குடிக்காதவரோடு ஒப்பிட்டால் 50 மில்லிகிராமில் விபத்து வாய்ப்பு சுமார் 1.4 மடங்கு, 80-இல் சுமார் 2.7 மடங்கு, 100-இல் ஏறக்குறைய 5 மடங்கு. அதற்குமேல் செங்குத்தாக ஏறும். இளைஞர்களுக்கு ஒவ்வொரு அளவிலும் இன்னும் மோசம்.

மூச்சுச் சோதனையை எங்கே, எப்போது, எப்படி வைக்க வேண்டும்?

எல்லைக் கடையிலிருந்து ஊருக்கு வரும் வழியில், கடையை ஒட்டி அல்ல, ஒரு கிலோமீட்டராவது தள்ளி. ஒட்டி வைத்தால் கடைக்காரரே எச்சரித்துவிடுவார். ஊரை ஒட்டி வைத்தாலும் தவறு. பாதி விபத்து அதற்குள் நடந்திருக்கும். வளைவுக்குப் பின்னால் நிற்காதீர்கள், பின்வரும் வண்டி மோதும். நேர்ச்சாலையில் 200 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கை விளக்கு வேண்டும். சோதனைக்கு முன்னால் வண்டியைத் திருப்ப வசதியான குறுக்குவழி இருந்தால் அதன் வாயிலில் ஒருவரை நிறுத்துங்கள். நேரம்: வார நாளில் இரவு 8 முதல் நள்ளிரவு வரை, வார இறுதியில் 2 மணிவரை. 40 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். வாட்ஸப் குழுக்களில் செய்தி பரவ அதற்குமேல் ஆவதில்லை.

சோதனையின் படிகள் எளிது, தவறுவதும் எளிது. கடைசி மிடறு குடித்து, வாந்தி எடுத்து அல்லது வாய் கொப்பளிக்கும் மருந்து போட்டு 15 நிமிடம் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கருவி அளப்பது வாயில் ஒட்டியிருக்கும் ஆல்கஹாலை. ஒவ்வொருவருக்கும் புதிய ஊதுகுழல். முதலில் வெற்றுக் காற்றில் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நீளமாக, விடாமல் ஊதச் சொல்ல வேண்டும். குட்டையாக ஊதினால் நுரையீரலின் ஆழத்துக் காற்று வராது, அளவு குறையும். வரம்பை ஒட்டி வந்தால் சில நிமிடம் விட்டு இரண்டாவது முறை. கருவியின் அளவுத்திருத்தச் சான்று காலாவதியாகியிருந்தால் வழக்கு நிற்காது. மூச்சிலிருந்து ரத்த அளவைக் கணிக்க 2,100-க்கு 1 என்ற விகிதம் பரவலாகப் பயன்படுகிறது. அந்தக் கணக்கில் ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்பது ஒரு லிட்டர் மூச்சில் 0.143 மில்லிகிராம்.

சந்தேகப்பட்டவரை மட்டும் நிறுத்துவதைவிட வரிசையாக எல்லோரையும் நிறுத்துவது பலன் தரும். நியூ சவுத் வேல்ஸ் 1982 டிசம்பரில் அப்படி ஆரம்பித்தது. சாவு எண்ணிக்கை குறைந்தது, குறைந்தபடியே நீடித்தது. நன்றாக நடத்தப்படும் சோதனைச் சாவடிகள் மது தொடர்பான விபத்துகளை ஏறத்தாழ 20 சதவீதம் குறைப்பதாகத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. இதற்கு மாறாக, ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் ஓட்டுநருக்கான ரத்த வரம்பை 80 மில்லிகிராமிலிருந்து 50-ஆகக் குறைத்தது. சோதனை அதற்கேற்பக் கூடவில்லை; விபத்தில் மாற்றம் தெரியவில்லை. காகிதத்தில் உள்ள எண்ணைவிட, மாட்டிக்கொள்வோம் என்ற பயம் வலியது.

தடைக்குப் பின் விபத்து 10-இலிருந்து 7 ஆனது. வெற்றிதானே?

சொல்ல முடியாது. சராசரி 10 சாவு உள்ள ஊரில், எதுவுமே மாறாவிட்டாலும் தற்செயலாக ஒரு வருடம் 4-உம் இன்னொரு வருடம் 17-உம் வரலாம். 7 அந்த வரம்புக்குள்தான். சிறிய ஊரில் சாவு எண்ணிக்கை மட்டும் வைத்து ஓராண்டில் எதையும் நிரூபிக்க முடியாது. படுகாயங்களையும் சேருங்கள், முன்னும் பின்னும் குறைந்தது மூன்றாண்டு எடுங்கள்.

அடுத்த பொறி இன்னும் நயவஞ்சகமானது. தடை பெரும்பாலும் ஒரு கோர விபத்துக்குப் பிறகு, ஒரு மோசமான ஆண்டின் முடிவில் வருகிறது. மோசமான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, தடை வந்தாலும் வராவிட்டாலும், சராசரியை நோக்கி இறங்கும். அந்த இறக்கத்தைத் தடையின் கணக்கில் எழுதுவதுதான் இத்துறையில் மிகச் சாதாரணமான பிழை. மாற்று: தடை போடாத, அதே அளவு போக்குவரத்துள்ள இரண்டு மூன்று ஊர்களை அதே மாதங்களில் ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, எங்கே எண்ணுகிறீர்கள். ஊர் எல்லைக்குள் நடந்த விபத்தை மட்டும் எண்ணினால் தடை வென்றதுபோல் தெரியும்; விபத்து 15 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஓட்டுநரின் வசிப்பிடத்தை வைத்து எண்ணுங்கள், அதோடு எல்லைக்கு வெளியே கடைவரை உள்ள சாலையையும் சேருங்கள்.

நான்காவது, 'குடிபோதை' என்று பதிவானவற்றை நம்பாதீர்கள். ரத்தப் பரிசோதனை எத்தனை பேருக்கு நடந்தது என்பது மாறினாலே அந்த எண் மாறும். பதிவைச் சாராத மாற்று அளவு ஒன்று உண்டு: இரவு நேரத்தில் ஒரே ஒரு வாகனம் மட்டும் சம்பந்தப்பட்ட விபத்துகள். இவற்றில் மதுவின் பங்கு மிக அதிகம். பகல் விபத்து நிலையாக இருக்க இந்த இரவு விபத்துகள் குறைந்தால், அப்போது நம்பத் தொடங்கலாம்.

கடத்தலால் சாலை ஆபத்து கூடுமா?

கூடும், ஆனால் அளவில் சிறியது. சரக்கு கொண்டுவருபவர் இரவில், விளக்கை அணைத்து, சோதனையைத் தவிர்த்துக் குறுக்குவழியில் வேகமாக ஓட்டுகிறார். கள்ளச்சாராயத்தின் பெரிய சாவு மெத்தனாலால் வருவது. சாலைக் கணக்கில் அது வராது.

திரும்பத் திரும்பப் பிடிபடுபவரை என்ன செய்வது?

அவருக்குக் கடையின் தூரம் ஒரு பொருட்டல்ல. அபராதமும் விரைவில் பழகிவிடும். பலன் தெரிந்த வழி, ஊதிக் காட்டினால்தான் இன்ஜின் இயங்கும் பூட்டுக் கருவி. வண்டியில் இருக்கும்வரை மீண்டும் பிடிபடுவது மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது. கழற்றியதும் பழையபடி. ஆகவே கழற்றும் முன் சிகிச்சையைச் சேர்க்க வேண்டும். இருசக்கர வாகனங்களுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. அவை நிறைந்த இடத்தில் உரிமத்தை நிறுத்திவைப்பதும் வண்டியைப் பறிமுதல் செய்வதுமே கையில் உள்ளவை.

தடை கொண்டுவர முடிவு செய்துவிட்டோம். அதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

எல்லைக்கு வெளியே உள்ள எல்லாக் கடைகளையும் வரைபடத்தில் குறித்து, சாலை வழித் தூரத்தை அளங்கள். நேர்கோட்டுத் தூரம் உதவாது. மேலே சொன்ன போதைக் கிலோமீட்டர் கணக்கைச் சோம்பலில்லாமல் மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள்: கால்வாசிப் பேர் விட்டுவிட்டால், பாதிப் பேர் விட்டுவிட்டால், முக்கால்வாசிப் பேர் விட்டுவிட்டால். பாதிப் பேர் விட்டும் எண் கூடுகிறதென்றால், தடையோடு வேறு ஏற்பாடும் வேண்டும்.

அந்த ஏற்பாடுகளில் முதன்மையானது பக்கத்து நிர்வாகத்தோடு பேச்சு: எல்லையிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் புதிய உரிமம் தருவதில்லை என்ற உடன்பாடு. இது கிடைக்காவிட்டால் தடையைத் தள்ளிப்போடுவதே மேல் என்போம். பிறகு, அந்தச் சாலையில் கடைசிப் பேருந்து கடை மூடிய பிறகு புறப்படுகிறதா என்று பாருங்கள். 9:30-க்குக் கடைசிப் பேருந்தும் 10 மணிக்குக் கடை மூடலும் என்றால் நாமே ஆட்களை வண்டியில் ஏற்றுகிறோம். சாலையோரக் கோடு, வளைவுகளில் ஒளிரும் பட்டை, நடப்பவர்களுக்குச் சாலையை ஒட்டி ஒரு மீட்டராவது ஓரப்பகுதி. முதல் ஆறு மாதங்களுக்கு மூச்சுச் சோதனை அணியை இரட்டிப்பாக்குங்கள். பழக்கம் மாறும் காலம் அதுதான். கடந்த மூன்றாண்டு விபத்துப் பதிவுகளைத் தடைக்கு முன்பே பிரதி எடுத்து வையுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது.

இருக்கும் தடையை நீக்கினால் விபத்து குறையுமா?

குறையலாம், ஆனால் எதை முதலில் திறக்கிறோம் என்பது முக்கியம். பாட்டிலில் வாங்கிப் போகும் கடையை, முதலில் பீருக்கும் வைனுக்கும் மட்டும், வீடுகளிலிருந்து நடக்கும் தூரத்தில் திறந்தால் எல்லைப் பயணம் சரியும். பெரிய வாகன நிறுத்தத்தோடு ஊருக்கு வெளியே பார் திறந்தால், எல்லைக் கடையையே கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்ததாகத்தான் ஆகும். கடை திறந்த பின்னும் பழைய எல்லைச் சாலையில் சோதனையை உடனே எடுத்துவிடாதீர்கள். நண்பர் கூட்டமும் மலிவான விலையும் பழைய கடையில் இருக்கும்வரை, ஒரு பகுதியினர் அங்கேயே போய்க்கொண்டிருப்பார்கள்.